ஸ்டேஷன் காதுக்கு எட்டும் தூரம்

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. தை அமாவாசைக்கு மறுநாள். எங்கள் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை மதிய நேரத்தில் வெடித்தது. பேன்ஸி ரகத்துக்கு மருந்து ஏற்றும்போது ஏற்பட்ட உராய்வில் ஓர் அறை பற்றிக்கொள்ள, அடுத்தடுத்த அறைகள் தரைமட்டமாயின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழாயிரம்பண்ணை போலீசார் வழக்குப் பதிந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே இதைக் கையில் எடுத்து ஒரு குழுவை அனுப்பியது. ஒரே உரிமத்தின் கீழ் ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளியே வந்தது.

இது விபத்து. பயங்கரவாதத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பயங்கரவாதத்தைத் தடுப்பதில் உள்ளூர்ப் போலீஸின் பங்கைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பட்டது. உள்குத்தகை என்பது ஊருக்குத் தெரியாமல் நடக்கக்கூடிய காரியம் இல்லை. காலை ஏழு மணிக்கு வேன் வந்து பெண்களை ஏற்றிப் போகிறது. யாருடைய வேன், எந்த அறைக்கு யார் போர்மேன், யாரிடம் சம்பளம் என்பது வேனில் ஏறும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அறைக்கு நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும். ஊருக்குத் தெரிந்த அந்தச் செய்தி, நடவடிக்கை எடுக்கக்கூடிய ஒருவர் மேஜைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: ஊர் அறிந்தது ஸ்டேஷனுக்கு எப்படிப் போகிறது? எங்கே நின்றுவிடுகிறது?

இங்கிருந்து தொடங்க இன்னொரு காரணம், வெடிக்கும் பொருள். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் விடியற்காலை, கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு ஒரு பழைய மாருதி 800 கார் வெடித்தது. காரில் சமையல் காஸ் சிலிண்டர்கள் இருந்தன. ஓட்டிவந்த ஜமேஷா முபின் அங்கேயே இறந்தார். அவர் வீட்டைச் சோதித்தபோது சுமார் 75 கிலோ ரசாயனப் பொருள்கள் கிடைத்ததாகப் போலீஸ் அறிவித்தது: பொட்டாசியம் நைட்ரேட், அலுமினியப் பவுடர், கந்தகம், கரித்தூள். பட்டாசுத் தொழில் நடக்கும் எங்கள் சாத்தூர் பக்கத்து மனிதர் இந்தப் பட்டியலைப் படித்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். பொட்டாசியம் நைட்ரேட் என்பது வெடியுப்பு. அலுமினியப் பவுடர் என்பது பட்டாசு ஆலைக்குப் போய்வரும் பெண்களின் உள்ளங்கையில் வெள்ளிப் பூச்சாகப் படிந்து, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் ரேகைகளுக்குள் மினுங்கிக்கொண்டே இருக்கும் பொருள். கோவையில் ஒரு வீட்டு அறையில் இருந்தால் அது வழக்கின் சான்றுப்பொருள்; இங்கே அது அன்றாடச் சோறு.

முபினை 2019-லேயே தேசியப் புலனாய்வு முகமை, அதாவது என்.ஐ.ஏ., விசாரித்து அனுப்பியிருந்தது. பெயர் கோப்பில் இருந்தது. ஆனால் ஒரு பெயர் கோப்பில் இருப்பதும் அவர் வீட்டுக்கு மூட்டை மூட்டையாக எதுவோ வந்து இறங்குவதை ஒருவர் கவனிப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதை டெல்லியிலிருந்தும் செய்யலாம். இரண்டாவதைத் தெருவை அறிந்தவர்தான் செய்ய முடியும். வெடிப்புக்குப் பிறகு நடந்த துப்புத்துலக்கலையும் பாருங்கள். அந்தக் கார் பெயர் மாற்றாமலே பல கை மாறியது. கோவைப் போலீசார் விற்றவர், வாங்கியவர், தரகர் என்று ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டு போய், அன்றைக்கே ஆளை அடையாளம் கண்டார்கள். எந்த ஸ்டேஷன் குற்றப்பிரிவு ஏட்டும் பைக் திருட்டு வழக்கில் செய்கிற அதே வேலை. நான்கைந்து நாளில் வழக்கு என்.ஐ.ஏ.வுக்குப் போனது. அடுத்த ஆண்டு தமிழக அரசு தீவிரவாதத் தடுப்புக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கோவை மாநகரில் கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையம் என மூன்று புதிய காவல் நிலையங்கள் திறக்கப்பட்டதுதான். தனிப் பிரிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தால்தான் ஒரு மனிதர் நடந்துபோய்ச் சொல்லுவார்.

பட்டாசுப் பகுதியில் சட்டம் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே உரிமங்களை ஊர்ப்பெயரால்தான் சொல்வோம்: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். வைத்திருக்கக்கூடிய வெடிபொருளின் அளவைப் பொறுத்து, நாக்பூரில் தலைமையகம் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்புத் துறையோ, அதன் சென்னை அலுவலகமோ, மாவட்ட நிர்வாகமோ உரிமம் தரும். உரிமம் கொடுப்பதும் ரத்து செய்வதும் போலீஸ் கையில் இல்லை. ஆனால் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், தன் எல்லைக்குள் சோதனையிடும் அதிகாரத்தை உதவி ஆய்வாளர் நிலையிலிருந்தே தருகின்றன. வெடித்தால் வழக்குப் பதிய வேண்டியதும், உடல்களை எண்ண வேண்டியதும், சாலை மறியலில் உட்கார்ந்த உறவினர்களிடம் பேச வேண்டியதும் அதே உதவி ஆய்வாளர்தான்.

அவர் கையில் இருக்கும் சட்டங்கள் இரண்டும் பழையவை. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 1908-ஆம் ஆண்டின் வெடிமருந்துப் பொருள்கள் சட்டம். இரண்டாவது, வங்காளத்தில் வெள்ளையர்கள் மீது குண்டு வீசப்பட்ட ஆண்டில் அவசரமாகக் கொண்டுவந்தது. பாலத்தின் அடியில் குண்டு வைத்தவர் மீதும் அந்தச் சட்டம்தான் பாயும். மொட்டை மாடியில் பட்டாசுக்கான கருந்திரி காயவைத்த பெண் மீதும் அதே சட்டத்தைப் பாய்ச்சலாம். வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி ஸ்டேஷன்களில் இத்தனை குரோஸ் கருந்திரி பறிமுதல், இன்னார் கைது என்று செய்தி வராத மாதம் குறைவு. அனுமதியில்லாமல் வீட்டில் திரி செய்வது ஆபத்துதான்; அதில் குழந்தைகள் உட்படப் பலர் கருகியிருக்கிறார்கள். தடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூலிக்குக் கருந்திரி உருட்டுகிறவரையும் வேறு நோக்கத்துக்கு மருந்து சேர்ப்பவரையும் பிரித்தறியும் கண் ஒன்று வேண்டும். சட்டப் புத்தகத்தில் அந்தக் கண் இல்லை. அந்த ஊரில் பத்து ஆண்டு ரோந்து போன ஏட்டிடம் இருக்கிறது. சீமைக்கருவேலங் காட்டுக்குள் புதிதாக ஒரு தகர செட் முளைத்தால் அது யாருடையது, சீசனுக்குப் போட்டதா, இரவில் மட்டும் ஏன் வேலை நடக்கிறது, வருகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று அவரால் கணக்குப் போட முடியும். தீபாவளிக்கு ஆறு மாதம் முன்பு மருந்து வாங்கும் வியாபாரியையும், தொழிலில் இல்லாத ஒருவர் திடீரென்று வெடியுப்பு கேட்டு வருவதையும் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிற எவராலும் வேறுபடுத்திப் பார்க்க முடியாது.

நம் மாவட்டங்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனிப்பிரிவுக் காவலர் ஒருவர். அவர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாலும் எஸ்.பி. அலுவலகத்துக்குத்தான் தகவல் அனுப்புவார். ஊர்வலம், திருவிழாத் தகராறு, கட்சிக் கூட்டம், சாதிப் பூசல், புதிதாக வந்து தங்கியவர் என்று எல்லாம் அவர் குறிப்பில் ஏறும். டீக்கடைதான் அவர் அலுவலகம் என்று சொன்னால் தவறில்லை. அதற்கு மேலே மாநில உளவுப் பிரிவுகளான எஸ்.பி.சி.ஐ.டி., கியூ பிரிவு என்று போகிறது. ஆனால் அடித்தளம் அந்த ஒற்றை ஆள். அவரை முழுநாளும் அரசியல் கூட்டங்களின் தலை எண்ணும் வேலைக்கே அனுப்பினால், அவர் காதில் விழ வேண்டிய மற்றவை விழாமல் போகும்.

விழுந்தும் கேட்காமல் போனதற்கு மும்பைதான் பெரிய சாட்சி. 2008 நவம்பர் 26 இரவு, கொலாபாவில் பத்வார் பார்க் மீனவர் குடியிருப்புக் கரையில் ரப்பர் படகிலிருந்து இளைஞர்கள் இறங்கினார்கள். அங்கிருந்த மீனவர்கள், யார் நீங்கள் என்று கேட்டார்கள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்பதுபோல் பதில் வந்தது. மீனவர்கள் போலீசிடம் சொன்னார்கள். பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் நகரம் எரிந்தது. அதே இரவு கிர்காவ் சவுபாத்தி சாலையில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, லத்தியைத் தவிர வேறு ஆயுதம் இல்லாமல், படகில் வந்தவர்களில் ஒருவனான கசாபின் துப்பாக்கிக் குழாயைக் கையால் பற்றித் தன் உடம்பில் குண்டுகளை வாங்கிக்கொண்டார். அவர் பிடித்துவைத்ததால்தான் கசாப் உயிரோடு சிக்கினான். சதி முழுவதும் வெளியே வந்தது. அவருக்கு அசோக சக்கரம் வழங்கினோம். மீனவர்களின் பேச்சு கேட்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அந்த அளவுக்கு நாம் கேட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு கடலோரக் காவல் குழுமத்தை வலுப்படுத்தினோம், சாகர் கவச் என்று ஒத்திகை நடத்துகிறோம். மீனவர்தான் கடலின் கண் என்பது ஒத்திகை நாட்களிலாவது நினைவுக்கு வருகிறது.

இலங்கையில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. காத்தான்குடியில் சஹ்ரான் ஹாஷிமின் வெறுப்புப் பேச்சைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்களே பல முறை அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். 2017 மார்ச்சில் சூஃபி வழியினர் மீது அவரது ஆட்கள் தாக்குதல் நடத்திய பிறகு அவர் தலைமறைவானார். 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் காவல் சாவடியில் இரண்டு போலீசார் கொல்லப்பட்டனர். சந்தேகம் முன்னாள் புலிகள் மீது திரும்பியது. அப்படி ஒருவர் சிறையிலும் அடைக்கப்பட்டார். அது சஹ்ரானின் ஆட்கள் செய்தது என்பது ஈஸ்டருக்குப் பிறகுதான் தெரிந்தது. 2019 ஏப்ரல் 21-இல் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 260-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு. இந்தியாவிலிருந்து போன முன்னெச்சரிக்கையும் மேலேயே தேங்கிப்போனது. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும், அப்போதைய போலீஸ் மா அதிபர் உள்ளிட்டோரும் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தண்டனை மேலிடத்துக்குச் சரிதான். ஆனால் வவுணதீவில் இறந்த அந்த இரண்டு காவலரின் கொலையைப் பழைய பகையின் கண்ணாடி போட்டுப் பார்க்காமல், அந்த மாவட்டத்து மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தால் ஐந்து மாதம் கையில் கிடைத்திருக்கும்.

ஒரு சமூகத்தையே சந்தேகப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவைக்கு வெளியே போக வேண்டாம். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் வெட்டிக் கொல்லப்பட்டார். பணியில் இருந்த காவலரைக் கொன்றதற்குச் சக காவலர்கள் கொதித்ததில் வியப்பில்லை. ஆனால் அடுத்து நடந்த கலவரத்தில், துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் உட்பட 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர், கடைகள் சூறையாடப்பட்டன. போலீஸ் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது என்று கோட்டைமேடு முழுவதும் நம்பிய பிறகு, அங்கிருந்து எந்த மனிதர் ஸ்டேஷனுக்குப் போய் என் பக்கத்து வீட்டில் ஏதோ சரியில்லை என்று சொல்லுவார்? இரண்டரை மாதம் கழித்து, 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி, அத்வானி கூட்டத்துக்காகத் திரண்டிருந்த ஊரில் ஜெலட்டின் குச்சிகளாலான குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். குண்டுகளை வைத்த அல் உம்மா அமைப்பின் குற்றத்துக்கு எந்தக் கலவரமும் சமாதானம் ஆகாது. அந்த 58 பேரில் கலவரத்தில் கைவைத்தவர் யாரும் இருந்ததாகக் காட்ட முடியாது. ஆனாலும் நடந்த வரிசையை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வழக்கில் 158 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அதே வழக்கில் கைதாகியிருந்த அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டு சிறையிலிருந்து 2007-இல் விடுதலையானார். ராஜீவ் கொலை வழக்கிலும் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்த 26 பேரில் 19 பேரை 1999-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வலையை விரித்துப் போட்டு யார் சிக்குகிறார்கள் என்று பார்க்கும் வழி, வழக்கையும் பலவீனமாக்குகிறது, சொல்ல வந்தவர் வாயையும் அடைக்கிறது.

ராஜீவ் கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி எழுதும்போது எல்லோரும் சிவராசன், தணு என்றே எழுதுகிறார்கள். 1991 மே 21 இரவு அங்கே இருந்த போலீசாரைப் பற்றிப் பேச்சு குறைவு. மாலையோடு நெருங்கிய பெண்ணைத் தடுக்க முயன்றவர் பெண் உதவி ஆய்வாளர் அனுசுயா, படுகாயத்தோடு பிழைத்தார். எஸ்.பி. முகமது இக்பால் இறந்தார். அவரோடு இன்னும் பல காவலர்கள். படுகாயமடைந்தவர்களில் அப்போது காஞ்சிபுரத்தில் உதவி எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப்பும் ஒருவர். அன்று அவர் அணிந்திருந்த தொப்பியும் பெயர் வில்லையும் ரத்தக் கறையோடு வழக்கின் சான்றுப்பொருள்களாகின. முப்பது ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில் ஓய்வுபெறும் நாளில், நீதிமன்றத்தின் அனுமதியோடு அதே தொப்பியை அணிந்துகொண்டார்.

அவர் 1993-இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது தொடங்கியதுதான் போலீஸ் நண்பர்கள் குழு. குண்டுவெடிப்பில் உடம்பெல்லாம் சில்லுகள் பாய்ந்த ஓர் அதிகாரி, பதிலாக நினைத்தது கூடுதல் துப்பாக்கியை இல்லை. ஊர்க்காரர்களை ஸ்டேஷனுக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பதை. என் மதிப்பில் தமிழ்நாட்டுப் போலீஸ் வரலாற்றில் பயங்கரவாதத்துக்கு எதிராக எடுக்கப்பட்ட ஆழமான முயற்சி அதுதான். அது எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கு இழுத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தச் சம்பவத்தில் நண்பர்கள் குழுவினர் மீதும் புகார் எழுந்தது. ஜூலையில் தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் கட்டிய பாலம், பொதுமக்களுக்குப் பதில் போலீசுக்குக் கையாளாக மாறிவிட்டது என்ற சந்தேகத்திலேயே இடிந்தது. அதே ஸ்டேஷனில் அன்றிரவு பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி, பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் அச்சத்தை விழுங்கிக்கொண்டு சொன்னார். உள்ளூர்ப் போலீஸ் என்று சொல்லும்போது எனக்கு அந்தப் பெண்ணின் முகமும் நினைவுக்கு வருகிறது.

பயங்கரவாதி முதலில் சந்திப்பது கமாண்டோவை இல்லை என்பதைக் களியக்காவிளை காட்டியது. 2020 ஜனவரி 8 இரவு, கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் தனியாகப் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு வாரத்துக்குள் உடுப்பியில் இருவர் பிடிபட்டனர். 2013 அக்டோபரில் ஆந்திரத்தின் புத்தூரில் ஒரு வாடகை வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே நுழைந்த இன்ஸ்பெக்டர் லட்சுமணன் கத்திக்குத்து வாங்கினார். திருமங்கலம் பக்கம் ஆலம்பட்டியில், 2011-இல் அத்வானி ரதம் போக இருந்த சாலையின் பாலத்தடியில் குழாய்க் குண்டு வைத்த வழக்கில் தேடப்பட்டவர்கள் அந்த வீட்டுக்குள் இருந்தார்கள். ஆலம்பட்டி, ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. எங்கள் மாவட்ட எல்லை அங்கிருந்து அதிக தூரம் இல்லை.

வாடகை வீடு என்றதும் இன்னொன்று. 2022 நவம்பரில் மங்களூருவில் ஆட்டோவில் குக்கர் குண்டு வெடித்தது. வைத்திருந்தவர் மைசூருவில் வேறொருவர் ஆதாரைக் காட்டி அறை எடுத்திருந்தார். அறையில் கிடைத்தவற்றில் கந்தகமும் தீப்பெட்டிகளும் இருந்தன. வாடகைக்கு விடுபவர் ஆதார் நகலை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பு வருகிறது. கொடுத்த நகல்கள் ரைட்டர் மேஜைக்கு அடியில் கட்டாகக் கிடந்தால் பயனில்லை. ஒரு காவலர் அந்தக் கதவைத் தட்டி, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால்தான் அந்த நகல் உயிர் பெறும்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும் என்பது போலீசாரின் நியாயமான பதில். மந்திரி வருகை, கோயில் கொடை, தேர்தல், நீதிமன்றச் சம்மன், போக்குவரத்து என்று போக ரோந்துக்கு மிஞ்சுவது ஓரிருவர். என்.ஐ.ஏ. 2008 இறுதியில் வந்தது. சட்ட விரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் அதே ஆண்டிலும் 2019-லும் கடுமையாக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆம் பிரிவு பயங்கரவாதச் செயலைச் சாதாரணக் குற்றச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. மேல்தட்டு ஒவ்வொரு முறையும் வலுவடைகிறது. ஏழாயிரம்பண்ணை போன்ற ஸ்டேஷனுக்கு இரண்டு காவலர் கூடுதலாகக் கொடுத்து, அவர்களை ஐந்து ஆண்டு மாற்றாமல் வைப்பது எந்தச் சட்டத் திருத்தத்திலும் வருவதில்லை.

ஆள் கொடுத்தாலும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. பல கிராமங்களில் அந்த ஊருக்குப் பொறுப்பான காவலரின் பெயரும் கைப்பேசி எண்ணும் பலகையில் எழுதியிருக்கிறார்கள். நல்ல காரியம். வெம்பக்கோட்டை பக்கத்து ஒரு கூலித் தொழிலாளி, காட்டுக்குள் இரவில் வேன் வந்துபோகிறது என்று சொல்ல ஸ்டேஷன் படியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாரா காவலர் முதலில் கேட்பது, நீ யார், எந்த ஊர், உனக்கு எப்படித் தெரியும் என்பதாகத்தான் இருக்கும். பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் வரும்போது, யார் சொன்னது என்பது அந்தச் செட்காரருக்குத் தெரிந்துவிட்டால், அந்த ஊரிலிருந்து அடுத்த தகவல் வராது. அவருக்கு அடுத்த நாள் கூலியும் இருக்காது. கருந்திரியாக இருந்தாலும், உள்குத்தகையாக இருந்தாலும், அதைவிடப் பெரிய ஏதாவதாக இருந்தாலும், சொன்னவர் பெயர் எத்தனை நாள் அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது என்பதை ஒவ்வொரு ஸ்டேஷனும் தன்னைத்தானே கேட்டுப் பார்க்கலாம். அச்சங்குளத்து வேனில் ஏறிய பெண்களுக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.